எல்லா அட்டைகளும் ஏற்றுக்கொள்ளப்படும்

என் மச்சான் செல்லசாமிக்கு மெதுவாகப் பேச வராது. கொட்டகலை பஜாரிலிருந்து லிந்துலை வரைக்கும் அவர் குரல் தெரியாத தோட்டத்து லய வீடு கிடையாது. ஆட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் ஹேண்டிலும் மறு கையில் மைக்குமாகப் போவார். புடைவைக் கடை மலிவு விற்பனை, கோயில் தேர், டெங்கு ஒழிப்பு, காணாமல் போன மாடு, மரண அறிவித்தல் என்று எல்லாம் அவர்தான். எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான். ஒருமுறை ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் செத்துப்போனபோது, நல்லடக்கம் 'இன்று ஒரு நாள் மட்டுமே' என்று அறிவித்துவிட்டார். குடும்பத்தார் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல கூட்டம் வந்திருந்தது, தேத்தண்ணி போதவில்லை என்று மட்டும் சொன்னார்கள்.

இவ்வளவு கத்துகிற மனுசன் வீட்டுக்குள் வாயைத் திறக்கமாட்டார். பசித்தால் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வார். வயிறு நிறைந்தால் தள்ளி வைப்பார். "நாள் பூரா கத்துற மனுசன், வீட்லயாச்சும் சும்மா இருக்கட்டுமே" என்பாள் என் அக்கா பிரேமினி. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. நான் அவள் தம்பி, எனக்குப் பிடிக்காமல் போக உரிமை இருக்கிறது.

அக்காவின் மகள் கிருஷாந்தி தவழத் தொடங்கியிருந்த நேரத்தில் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை நன்றாகப் பேசியது. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்து 'ஆன்ட்டி' என்றது. ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு வருடம் போனது. அந்த வருடம் முழுக்க அக்கா அந்த 'ஆன்ட்டி'க்கு 'என்னா சாமி' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இனிமேல் தேயிலைக் கொழுந்துக் கூடையும் தூக்க மாட்டேன், குவைத்துக்கும் போக மாட்டேன் என்று சொல்லி, கொண்டுவந்த காசில் அக்கா ஒரு ஜூக்கி தையல் மெஷின் வாங்கினாள். தைக்கத் தொடங்கியது அட்டைச் சொக்ஸ். எங்கள் மலையில் மழை பெய்தால் புல்லுக்கு ஓர் அட்டை இரத்தம் குடிக்க எழுந்து நிற்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போவார்கள். அதற்கு மேல் அட்டையோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை. தேயிலைக்குள் நடந்து பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் அப்படி இல்லை, ஓர் அட்டை ஏறினால் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்பார்கள். அவர்களுக்காக, நெருக்கமான துணியில், முழங்காலுக்கு மேல் நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி நீளமான சொக்ஸ். அட்டை உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு ஏமாந்து இறங்க வேண்டியதுதான்.

நல்ல சாமான். ஆனால் வாங்க ஆள் இல்லை. ஒன்றிரண்டு தங்குமிடங்களில் வைத்துவிட்டு வந்தோம், அது அங்கேயே இருந்தது. வீட்டில் கட்டிலில் பாதி சொக்ஸ், மீதியில் மூன்று பேர். அந்த நேரத்தில் பார்த்து ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. குவைத்தில் பழைய வீட்டுக்காரி திரும்பவும் அக்காவைத்தான் கேட்கிறாளாம். அக்கா பாஸ்போட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"தீபாவளி வரைக்கும் பாப்போம். ஓடர் வந்தா இருக்கேன். வராட்டி போறேன்" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

மச்சான் தட்டைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். வந்த ஆத்திரத்தில் நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

ஆனால் மறுநாள் காலையில் என் போன் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார். "மாப்ள, இன்டர்நெட்ல ஒரு கடை போடணும். வெளிநாட்டுக்காரன் பாத்ததும் வாங்கணும். நாஞ் சொல்றேன், நீ போடு."

போட்டேன். என் இங்கிலீஷ் போனின் உள்பாகங்களோடு முடிந்துவிடும். அதனால் தமிழில் எழுதிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் தானே இங்கிலீஷாகிவிடுகிற வசதியைப் பிடித்துக்கொண்டேன். எழுதுவதற்கும் கை தேவைப்படவில்லை. பேசினால் போன் எழுதிக்கொள்ளும். மச்சான் போனை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். பக்கத்து மரக்கறிக் கடைக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! இதோ வந்துவிட்டது! அட்டைகளுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறீர்களா? உங்களுக்குத் தெரியாமலே அட்டைகள் உங்கள் இரத்தத்தை உறிஞ்சுகின்றனவா? எவ்வளவு பெரிய அட்டையானாலும் உப்பைத் தூவினால் சுருண்டு விழும்! ஆனால் எத்தனை நாளைக்கு உப்போடு அலைவீர்கள்? இன்றே அணியுங்கள் பிரேமினி காலுறை! அட்டை இல்லாத வாழ்க்கை! முந்துங்கள்! முந்துங்கள்! முந்துங்கள்!"

மரக்கறிக் கடைக்காரர் என்ன விலை என்று கேட்டார். எனக்கே ஒரு ஜோடி வாங்கலாம் போல இருந்தது. காசு கட்டுவது எப்படி என்பதற்காகக் கடைசியில் ஒரு வரியை நான் சேர்த்தேன்: 'எல்லா வங்கி அட்டைகளும் ஏற்றுக்கொள்ளப்படும்.' பொத்தானை அமுக்கினேன். எல்லாம் இங்கிலீஷாகி வரிசையாக நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அதன்பின் தினமும் பின்னேரம் மச்சான் கடைக்கு வருவார்.

"எத்தன பேரு வந்து பாத்தாங்க?"

"நெறைய பேரு."

"எத்தன பேரு வாங்குனாங்க?"

"யாரும் இல்ல."

"மழ விடட்டும், வாங்குவாங்க."

அட்டைச் சொக்ஸை மழையில்தான் விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனம் வரவில்லை.

பிறகு லண்டனிலிருந்து அந்த இன்டர்நெட் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அதே பொத்தானை அமுக்கித் தமிழாக்கினோம். 'எனக்கு நான்கு அட்டைகளால் தொல்லை. இரண்டு வருடமாக என் இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஒரு ஜோடி போதுமா?'

மச்சான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "ரெண்டு வருசமாவா? நாலு அட்டைய ஒடம்புல வச்சிக்கிட்டா நடமாடுறான்? ஐயோ பாவமே. அந்த ஊர்ல உப்பு இல்லயா மாப்ள?"

உடனே பதில் போடச் சொன்னார். 'முதலில் உப்புத் தூவவும். பின்னர் காலுறை அணியவும். ஒரு ஜோடி போதும், காலுக்கு ஒன்று.' லண்டன்காரரிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஆள் இருக்கிறானா போய்விட்டானா என்று மச்சான் ரொம்ப நாள் கவலைப்பட்டார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அஸீலா டீச்சர் போனுக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். துணிக்கடை ஜமால்தீன் முதலாளியின் மகள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவர். அக்காவுக்குச் சொக்ஸ் துணி அவர்கள் கடையிலிருந்துதான் வரும். காத்திருந்த நேரத்தில் எங்கள் இன்டர்நெட் பக்கத்தை வாசித்தார். முதலில் சிரித்தார். பிறகு வாயைப் பொத்தினார். பிறகு உட்கார ஸ்டூல் கேட்டார்.

"கஜேந்திரன், இதுல அட்டையே இல்ல."

"என்னா டீச்சர் சொல்றீங்க? முழுக்க அட்டதானே?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். காலில் ஏறுகிற அட்டையையெல்லாம் அந்த மெஷின் வங்கி அட்டையாக்கியிருக்கிறது. கடனட்டைக்குப் பயந்து வீட்டில் முடங்கிக் கிடக்கிறீர்களா, உப்பைத் தூவுங்கள் என்று போட்டிருக்கிறது. வங்கி அட்டையை மட்டும் சரியாகப் பிடித்து இரத்தம் குடிக்கிற அட்டையாக மாற்றியிருக்கிறது. எல்லா வங்கிகளின் அட்டைப்பூச்சிகளும் எங்களிடம் ஏற்றுக்கொள்ளப்படும் என்று உலகத்துக்கே அறிவித்திருக்கிறோம். லண்டன்காரர் கடனாளி.

நான் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கி எறிந்தேன். சொல் ஒன்றாக இருந்தால் என்ன, எது கடிக்கிறது, எது பர்சுக்குள் இருக்கிறது என்று பார்த்தால் தெரியாதா? எங்கள் லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சனியன் பிடித்த மெஷின், அதை நம்பியதால் என் அக்கா பெட்டி கட்டப் போகிறாள்.

டீச்சர் நல்ல மனுசி. இங்கிலீஷில் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அன்று பின்னேரமே மச்சானை வரச் சொன்னேன். துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதால் அக்காவும் ஒரு கூடை சொக்ஸோடு வந்தாள்.

"ஆர்ப்பாட்டம் எல்லாம் வேணாம் அண்ணே. யாரு தைக்கிறது, என்ன துணி, எப்படிக் கட்டுறது, கழுவலாமா. அதச் சொன்னாப் போதும்" என்றார் டீச்சர்.

அதற்கெல்லாம் அக்காவே பதில் சொன்னாள். ரெட்டைத் தையல், நாடா அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம், எத்தனை முறை கழுவினாலும் சுருங்காது. டீச்சர் குறித்துக்கொண்டார். அவர் எழுதிய அந்தப் பக்கம்தான் இன்றைக்கும் இருக்கிறது. மாதத்தில் சில ஓடர் வருகிறது, குவைத் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது.

"முந்துங்கள் போடுவீங்கதானே?" என்றார் மச்சான்.

"இல்ல."

"கடைசியில ஒண்ணாச்சும்?"

"இல்ல அண்ணே. அதுக்குப் பதிலா ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. இத வாங்காட்டி என்ன ஆகும்? வாசிக்கிற ஆளுக்கு அது மனசுல படணும். அப்பதான் வாங்குவாங்க."

இதற்குத்தான் மச்சான் பிறந்ததே. கடை அதிரப் போகிறது என்று நான் காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் கூடையிலிருந்து ஒரு சொக்ஸைக் கையில் எடுத்தார். கீழே பார்த்தார்.

"வாங்காட்டி இவ போயிருவா டீச்சர்."

அந்த மெதுவான குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. டீச்சருக்குப் புரியவில்லை. "இல்ல அண்ணே, வாங்குறவங்களுக்கு என்ன ஆகும்னு கேட்டேன்."

"அவங்களுக்கு என்னா? அட்ட கடிக்கும். கொஞ்சம் ரத்தம் போவும். அப்பறம் நின்னுரும்."

சொக்ஸை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"போன தடவ போறப்பவும் ஒங்களுக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப ஏன்யா ஒரு வார்த்த சொல்லல?" அக்கா கத்திவிட்டாள். "ஏர்போட் வரைக்கும் வந்தீங்க. பேக்கத் தூக்கிக் குடுத்தீங்க. தண்ணி போத்தல் வச்சியான்னு கேட்டீங்க. நாம் போறது ஒங்களுக்கு நல்லதுன்னுல்ல நெனச்சேன்!"

"வேணாம்னு சொன்னா நீ இருந்துருவேன்னு பயம்" என்றார் மச்சான். "இருந்துட்டா, சாப்பாட்டுக்கு என்னா செய்றதுன்னு பயம்."

அக்கா அழுதாள். டீச்சர் ஒரு சொக்ஸின் தையலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுசன்மேல் இத்தனை வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. சார்ஜர் கேட்டு ஓர் ஆள் வந்ததால் எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் காலையில தோட்டத்துப் பெரட்டுக்குப் போயி வேலைக்குப் பேர் குடுக்கறேன். பகல்ல கொழுந்து எடுக்கறேன், பின்னேரம் தைக்கறேன். தம்பி, ஏஜென்சிக்குப் போனப் போடு."

போட்டேன். பாஸ்போட்டைத் திருப்பித் தாருங்கள், நான் போகவில்லை என்றாள். ஏஜென்சிக்காரர் பதறவில்லை. தங்கமான வீட்டுக்காரி, தனி அறை, வெள்ளிக்கிழமை லீவு, பிள்ளையோடு தினமும் வீடியோவில் பேசலாம் என்று ஒவ்வொன்றாக, பதமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவரைக் கொண்டு எங்கள் பக்கத்தை எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. அக்கா கடைசி வரைக்கும் கேட்டாள்.

"இல்லீங்க. வீட்டுக்காரரு வேணாங்கிறாரு."

"அவர்ட்ட குடுங்கம்மா. நான் பேசிக்கறேன்."

அக்கா போனை மச்சானிடம் நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். என்ன காரணம், சம்பளம் போதாதா, கூட்டிக் கேட்கட்டுமா என்று அந்த ஆள் கேட்பது எனக்கும் கேட்டது.

"காரணம்னு ஒண்ணும் இல்லீங்க" என்றார் மச்சான். "எனக்கு அவ வேணும்."