எதுவாகவும் மாறும் சாமான்

போன புதன்கிழமை என்னை மூன்று துப்பாக்கிகளுக்கு நடுவில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். குற்றம்? உண்மை சொன்னது!

டவுனிலிருந்து நான் படிப்பிக்கும் கம்பஸுக்கு, ஏறாவூர்க் காதர் நானாவின் ஓட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து மாதங்களாகிவிட்டன. அந்தச் செய்திதான் எங்கள் சோதனைச் சாவடிக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆமிக்காரர்கள் என் பையைத் திறந்தார்கள். உள்ளே மடிக்கணினி, ஒரு பச்சை மின்சுற்றுப் பலகை, வயர்கள், சைரன்.

முகத்துவாரத்தில் தண்ணீர் திடீரென ஏறினால் ஊதுவதற்காக, சுனாமிக்குப் பிறகு நான் செய்துகொண்டிருக்கும் கருவி அது. பலகை கொழும்பில் இரவல் வாங்கியது. பறித்துக்கொண்டால் என் இரண்டு வருட வேலை வாவிக்குள் போனது மாதிரிதான்.

சிங்களம் தெரிந்த நானாதான் மொழிபெயர்ப்பாளர்.

"இது என்னவாம் சேர்?"

எனக்குள் இருக்கும் வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"இப்ப இது ஒண்டுமில்ல நானா. மற்ற சிப்புக்கெல்லாம் செய்யிறபோதே வேலைய முடிவாக்கிருவாங்க. இது வெறும் சிப். நான் சாதாரணமா ஒரு புரோகிராம் எழுதினா, லப்டொப்பில இருக்கிற கம்பைலர் அத மின்சுற்றா மாத்தி இதுக்குள்ள இறக்கும். எழுதுறதப் பொறுத்து எதுவாவும் மாறும்!"

"அல்லாவே... எதுவாவும் மாறும் எண்டு இவங்களிட்டயா சொல்லச் சொல்றீங்க? ஒங்களுக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

நானா சிங்களத்தில் ஒரே ஒரு வரி சொன்னார். சார்ஜன்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

"இது எதுவாவும் மாறுமாம், சேருக்குக் கூடுதலாப் படிச்சதில மூளை கொஞ்சம் கலங்கிட்டு எண்டன்."

பரிதாபம் இருந்தாலும் சந்தேகம் போகவில்லை. மாற்றிக் காட்டு என்றார் சார்ஜன்ட். கையில் தயாராக இருந்ததோ சைரன் புரோகிராம். அதை அங்கே ஊதவிட நான் என்ன பைத்தியமா? விளக்கு சிமிட்ட ஒன்று புதிதாக எழுதினேன். நாலே வரி, ஒரே நிமிடம்.

அதை மின்சுற்றாக்க என் கிழட்டு மடிக்கணினிக்கு அரை மணி நேரம்! சிப்புக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான கட்டங்களில் எதை எங்கே வைப்பது, எதிலிருந்து எதற்கு வயர் இழுப்பது என்று அது யோசிக்க வேண்டுமே... இதை விளக்கச் சொன்னேன். நானா கையெடுத்துக் கும்பிட்டார். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. பற்றரி செத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சிமிட்டியது — ஒற்றைச் சிவப்பு விளக்கு.

சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

"இதுக்கு ஒரு சுவிட்ச் போதாதா எண்டு கேக்கிறார், சேர்."

இந்தக் கேள்விக்குக் கருத்தரங்குகளில் பதில் சொல்வதற்கென்றே நாற்பது ஸ்லைட் வைத்திருக்கிறேன். பலகையைப் பார்த்தேன். துப்பாக்கியைப் பார்த்தேன்.

"ஓம், காணும் எண்டு சொல்லுங்க நானா."

பலகை உடனே கைக்கு வந்தது. ஆபத்தில்லாதவன் என்று இந்த நாட்டில் நிரூபிப்பது கஷ்டமில்லை... உதவாக்கரை என்று ஒப்புக்கொண்டால் போதும்!