ரெண்டைக் காட்டச் சொன்ன ஸ்டெல்லா

ஜனவரி மூன்றாம் தேதி காலை ஸ்டெல்லாவின் கணவர் போன் செய்தார். கிறிஸ்துமஸுக்குத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போன ஸ்டெல்லா, காய்ச்சலில் படுத்து, முந்தின நாள் இறந்துவிட்டாராம். யாரிடம் முதலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தில் எங்கள் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். செக்கிங் மேசையில் நின்று, தைத்து வரும் சட்டைகளில் பிசிறும் ஓட்டையும் பார்ப்பவர். பி.எஸ்சி. கணிதம் படித்தவர். நான் அவருக்கு சூப்பர்வைசர். அவர் வாயைத் திறந்தால் எனக்குத்தான் உள்ளூர உதறல்.

ஒருநாள் டீ வேளையில், "சார், ரெண்டைக் காட்டுங்க" என்றார். இரண்டு விரலைக் காட்டினேன்.

"அது விரலு. ரெண்டைக் காட்டுங்க."

இரண்டு சட்டையை எடுத்துக் காட்டினேன். "அது சட்டைல்லா?"

"ஏனுங்க ஸ்டெல்லா, டீ ஆறுதுங்க" என்று நழுவப் பார்த்தேன்.

அவர் விடவில்லை. "விரலுக்கு ஒரு சட்டைன்னு மாட்டினா மிச்சமில்லாம ஜோடி சேருதுல்லா? அப்படி ஜோடி சேருத எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு பாருங்க, அதுதான் ரெண்டு." வெட்டிப் பேச்சு என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அடுத்த மாதமே புரிந்தது.

வெட்டிய துணிக்கு வரிசையாக நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வழக்கம். ஒரு கட்டில் 1 முதல் 24, அடுத்ததில் 25 முதல் 48 என்று போகும். தைத்து வந்த கட்டைப் பிரித்து எண்ணுவது என் வேலை. அன்றைக்கு எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. கட்டைப் பிரிக்காமல், கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து எழுதிவிட்டேன். கட்டிங் சீட்டில் கட்டுக்கு இருபத்து நான்கு. என் நோட்டில் இருபத்து மூன்று. அறுபது கட்டுக்கு அறுபது சட்டை குறைந்தது.

கட்டுக் கட்டுவது மூலனூர்ப் பக்கத்துப் பாப்பாத்தி அக்கா. பழி அவர்மேல் விழுந்தது. அறுபது சட்டை ஒரு சாப்பாட்டுப் பைக்குள் எப்படிப் போகும் என்றுகூட நான் யோசிக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"நா எடுக்கலீங்க சாமி. எங்கூட்டுல வந்து பாருங்க" என்று அழுதார். நான் கால்குலேட்டரை மூன்று முறை தட்டினேன். மூன்று முறையும் இருபத்து மூன்றுதான் வந்தது.

ஸ்டெல்லா ஒரு கட்டைப் பிரித்தார். 25, 26, 27, 28 என்று நான்கு சட்டைகளை எடுத்து, நான்கு பெண்களை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொன்று கொடுத்தார்.

"இருபத்தெட்டுல இருபத்தஞ்சு போனா எத்தன சார்?"

"மூணுங்க."

"சட்டை வச்சிருக்கது எத்தன பேரு?"

ஒவ்வொருவராக எண்ணினேன். நான்கு.

"கழிச்சா இடைவெளிதான் சார் கிடைக்கும். நாலு பேருக்கு நடுவுல மூணு இடைவெளி. முதல் ஆளை விட்டுட்டியளே."

அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லப் போனேன். ஸ்டெல்லா தடுத்தார். "எல்லார் முன்னாலயும்தானே பழி சொன்னிய? மன்னிப்பையும் எல்லார் முன்னாலயும் கேளுங்க." கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று.

"உடுங்க. ஸ்டெல்லா கண்ணு இல்லீன்னா, திருட்டுப் பட்டத்தோட ஊடு போயிருப்பனுங்க" என்றார் அக்கா.

அன்றிலிருந்து கட்டைப் பிரிக்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஆளைப் பற்றியும் அப்படித்தான். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.

நேற்று கம்பெனி வாசலில் வைக்க அஞ்சலிப் பலகை தயாரானது. '2001 முதல் 2008 வரை, ஏழு ஆண்டுகள்' என்று அலுவலகத்தில் எழுதியிருந்தார்கள். 2001 ஜனவரியில் சேர்ந்தவர், 2008 கிறிஸ்துமஸ் வரை வேலை பார்த்தவர். எட்டு என்று மாற்றச் சொன்னேன். எழுதிய தம்பி கால்குலேட்டரைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஏழுதானுங்க வருது."

"அது இடைவெளிங்க தம்பி" என்றேன். "ஸ்டெல்லா எட்டு வருசம் இங்க இருந்தாங்க."