பொதுவாச் சொல்லுதேன்

முட்டி வலிக்காகத்தான் அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். என் தங்கை அதில் இருப்பது தெரிந்திருந்தால் வாசல் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டேன். அம்புட்டு வீம்பு எனக்கு.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்தான் குழுவை நடத்தினாள். பிள்ளை பெற்ற பின் ஏறிய உடம்பைத் தானே குறைத்துக் காட்டியவள். நான் படியேற முடியாமல் சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "யக்கா, தனியாப் பட்டினி கிடந்தா ரெண்டு நாளைக்குத்தான் ஓடும். பத்துப் பேரு பாக்காங்கன்னா வாய் தன்னால மூடிக்கிடும்" என்று என் போனை வாங்கி அவளே சேர்த்துவிட்டாள்.

சாப்பிடுவதற்கு முன் தட்டைப் படம் எடுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை காலையில் எடையைச் சொல்ல வேண்டும். யாருக்காவது எடை ஏறிவிட்டால் குத்திப் பேசக் கூடாது. இவ்வளவுதான் அங்கே சட்டம். பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பெண்கள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் சிலர். மறுநாள் மதியம் ஒரு தட்டு வந்தது. ஓரத்தில் பூ வெட்டிய எவர்சில்வர் தட்டு, அதில் கொஞ்சம் சோறும் மலைபோல் சீனியவரைக்காய்ப் பொரியலும். அதே தட்டுதான் என் அலமாரியிலும் இருக்கிறது. எங்கள் அம்மா இரண்டு பேருக்கும் ஒன்றாக வாங்கியது. பெயரைப் பார்த்தேன், அவளேதான்.

எங்களுக்குள் பேச்சு நின்று அப்போது நான்கு வருடம். என் மகள் கல்யாணத்தில் வந்த வினை. நாள் நெருங்கிவிட்டதே என்று அவளுக்குப் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டு, பிறகு நேரில் போகலாம் என்று இருந்தேன். போக முடியவில்லை. "கூடப் பொறந்தவளுக்குப் போன்ல பத்திரிகையா? வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும்னு தெரியாமலா போச்சு?" என்று கேட்டுப் போனை வைத்தவள்தான், கல்யாணத்துக்கு வரவில்லை. சித்தி எங்கே, சித்தி எங்கே என்று மண்டபத்தில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வராதவள் வராமலே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவளைக் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்காரருக்கு, வீடு மடவார் வளாகத்தில். பஸ்சில் ஏறி உட்கார்ந்து செத்த நேரத்தில் இறங்கிவிடலாம். அந்தத் தூரத்தைத்தான் இரண்டு பேராலும் கடக்க முடியவில்லை. இதை எழுதும் இன்றைக்கும் எங்களுக்குள் பேச்சு இல்லை.

குழுவை விட்டு நான் வெளியேறவில்லை. அவளும் போகவில்லை. நாங்கள் அக்கா தங்கை என்று யாருக்கும் சொல்லவுமில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை போட்டுப் பேசாமல் இருக்கும் இரண்டு பேர், சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். "பொதுவாச் சொல்லுதேன், அடுப்புல பால் இருக்கு" என்றால், கேட்க வேண்டியவர் போய் இறக்கி வைப்பார். அம்மாவும் அத்தையும் ஒரே அடுப்படியில் வருடக்கணக்காக இப்படியே குடித்தனம் நடத்தினார்கள். அந்தப் பாலைத்தான் குடித்து வளர்ந்தோம், வேறு எப்படி இருப்போம்?

முட்டி வலியால் நடக்கவில்லை என்று ஒருநாள் குழுவில் எழுதினேன். சற்று நேரத்தில் அவளிடமிருந்து வந்தது: "பொதுவாச் சொல்லுதேன். முட்டி வலி உள்ளவிய துணி காயப்போட மாடிக்கு ஏற வேண்டாம். கீழ கொடி கட்டிக்கிடலாம்." என் வீட்டில் கொடி மாடியில்தான் இருக்கிறது என்பது குழுவில் வேறு யாருக்குத் தெரியும்? அன்றைக்கே கீழே கட்டச் சொன்னேன்.

நான் சும்மா இருப்பேனா? "பொதுவாச் சொல்லுதேன். பால்கோவாக் கடைக்காரவிய, பதம் பாக்கேன்னு வாயில போடுறதையும் கணக்குல சேக்கணும்" என்று போட்டேன். மறுநாள் அவள் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, அதன் நுனியில் ஒட்டிய பால்கோவா. "இதையும் சேத்தாச்சு" என்று கீழே எழுதியிருந்தாள். அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் இளைத்தது அவள் பார்க்கிறாள் என்பதால்தான். சோற்றைக் குறைத்ததும், விடிகாலையில் நடந்ததும், காபியில் சீனியை விட்டதும் அவளுக்குக் காட்டத்தான். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமுமாகத் தின்று எடை ஏறியபோது வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வாரம் குழுவில் எதுவும் போடவில்லை. அவளிடமிருந்து வந்துவிட்டது: "பொதுவாச் சொல்லுதேன். எடை ஏறுனா ஏறட்டும். திங்கக்கெழம வராம இருந்தா, இருக்காவளா செத்தாவளான்னு இங்க உள்ளவியளுக்கு எப்படித் தெரியும்?" தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதேன். அன்றைக்காவது கூப்பிட்டிருக்கலாம், பாவி நான்.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை குழுவில் அவள் குரல் வந்தது. அதுவரை எழுத்துதான், குரலைக் கேட்டு அத்தனை வருடமாகியிருந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தது. "எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுதேன். கடையக் கொழுந்தன் கையில குடுத்துட்டு மகன்கூட ஓசூருக்குப் போறோம். இனி இங்க வரப் போக இருக்காது. ஞாயித்துக்கெழம ராத்திரி பஸ். அன்னைக்கு மத்தியானம் வீட்லதான் இருப்பேன். பாக்கணும்னு இருக்கிறவிய ஒரு வாய் சாப்பிட வாங்க."

எனக்குத்தான் சொல்கிறாள் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "கெளம்பு, நானும் வாரேன்" என்றார்.

"எங்க கெளம்ப? அக்கான்னு ஒரு வார்த்தை இருக்கா அதுல? ஊருக்கே சொன்னதுல நானும் ஒருத்தியா?"

"ஒனக்கு வேற எப்படிச் சொல்லுவா?"

"போன்ல அனுப்பினா அழைப்பு இல்லைன்னு அவதான சொன்னா? இப்ப நேர்ல வந்து அழைக்கட்டும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "ஒடம்புதாம்ட்டி எறங்கியிருக்கு ஒனக்கு. ரோசம் ஒரு கிராம் எறங்கல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் போனைக் கையை விட்டு இறக்கவில்லை. ஒரு மணி அடித்திருந்தால் போதும், ஓடியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு ஊற்றி, நல்ல சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். இதை என்னவென்று சொல்வது?

சாயங்காலம் குழுவில் படம் வந்தது. அவள் வீட்டுக் கூடத்தில் வாழை இலை போட்டு குழுவே வரிசையாக உட்கார்ந்திருந்தது. பொதுவாகச் சொன்னால் பொதுவில் உள்ளவர்கள் போகத்தானே செய்வார்கள்! எனக்கென்று சமைத்ததை அவர்களெல்லாம் சாப்பிட்டிருந்தார்கள். விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் குழம்பு வாளியோடு நின்றாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. இளைத்துவிட்டாளே என்று பெருமையாக இல்லை, வயதாகிவிட்டதே என்றுதான் இருந்தது. அன்று ராத்திரியே குழுவை விட்டு வெளியேறிவிட்டாள்.

மறுநாள், தொளதொளத்துப் போன ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுக்கத் தையல் கடைக்குப் போனேன்.

"நேத்து ஏங்க்கா வரல? எல்லாரும் ஒரு வேனைப் பிடிச்சுப் போனமே" என்றாள். "பாவம் அந்தக்கா. பன்னெண்டு மணிக்கே சமையல் முடிஞ்சிருச்சு, எலை போட விடல. ராஜபாளையத்துல இருந்து ஒரு ஆள் வரணும், செத்த நேரம் பொறுங்கன்னாவ. ரோட்டுல பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு வாசலுக்குப் போவாவ. எங்களுக்கா பசி. மூணு மணிக்கு நாந்தான் சொன்னேன், ராஜபாளையத்துல இருந்து வர்ற ஆளுக எல்லாரும் வந்தாச்சுக்கா, இனி யாரும் வர மாட்டாங்கன்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"'அப்படியா'ன்னாவ. பொறவு எலையப் போட்டாவ." அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரிஞ்சவியளாக்கா?"

"என் தங்கச்சி" என்றேன்.