பேனரில் ஏறிய மெஷின்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாக அழிந்துவிடும் என்ற தைரியத்தில்தான் அந்த செல்ஃபியைப் போட்டேன். கம்பெனியில் புதிதாக வந்திறங்கிய மெஷின், பக்கத்தில் யூனிஃபார்மில் நான். உள்ளே போன் எடுத்தாலே மெமோ. அந்த மெஷினை வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்கள். கல்யாண மாப்பிள்ளைக்கு எங்கே புத்தி வேலை செய்கிறது?

ஸ்டேட்டஸ் அழிவதற்குள் என் கூட்டாளிகள் படத்தை எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் பத்திரிகைக்கு முன்னால் பேனர் நிற்க வேண்டும். வில்லியனூர் போகும் சாலையில், கூட்டு ரோட்டில், பனைமர உயரத்துக்கு நான் நின்றேன். கூடவே அந்த மெஷினும், நட்டு போல்ட் உட்படத் தெளிவாக. கம்பெனி பஸ் அந்த வழியாகத்தான் போகும்.

மேனேஜர் கூப்பிட்டார்.

"ஸ்டேட்டஸ் போயிடுச்சு சார்" என்றேன்.

"ரோட்டுல நிக்கிறது? நாளைக்கு ஹெட் ஆபீஸ் ஆளுங்க அந்த வழியாதான் வராங்க. அவங்க கண்ணுல பட்டா உன் வேலையை என்னால காப்பாத்த முடியாதுப்பா."

கம்பெனி வேலை இருக்கிறது என்றுதான் பெண்ணே கொடுத்தார்கள். கூட்டாளிகளிடம் ஓடி, பேனரைக் கழற்றச் சொன்னேன்.

"இன்னாடா பேசற? தாலி கட்டறதுக்கு முன்னாடி பேனரை எறக்கினா, கல்யாணம் நின்னுபோச்சுன்னு பொண்ணு வூட்ல அழுவாங்கடா. போனைக் குட்த்துட்டுப் போ, நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் காலை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். மெஷினைக் காணோம். அது இருந்த இடத்தில் எங்கள் மேனேஜர்! கோயிலில் கும்பிட்டபடி அவர் வைத்திருந்த வாட்ஸ்அப் டி.பி.யை என் போனிலிருந்து எடுத்து, பெரிதாக்கி மேலே ஒட்டி, பெயர் போட்டு, 'மணமக்களை வாழ்த்த வரும் அண்ணனே வருக' என்று எழுதியிருந்தார்கள். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

ஹெட் ஆபீஸ்காரர்கள் கிளம்பியதும் மேனேஜர் கூப்பிட்டார். "அவங்க ஒண்ணும் கேக்கல" என்றவர், குரலைத் தாழ்த்தி, "பேருக்குப் பின்னால பி.இ. போடலியேப்பா" என்றார். இருந்த சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வரவேற்புக்கு வரும் வழியில் கூட்டு ரோட்டில் இறங்கி, பி.இ. ஏறிய பேனர் முன்னால் செல்ஃபி எடுத்து அவரே ஸ்டேட்டஸ் போட்டார். மேடையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். ஒட்டியது சரியாக மூடாமல், அவர் தோளுக்கு மேலே மெஷினின் மூலை எட்டிப் பார்த்தது. நான் ஒரு ஹார்ட் மட்டும் போட்டேன்.