வியாகுலம்மாள் மோர் கேட்ட திங்கட்கிழமை

திங்கள்சந்தையில் எந்தக் கடையில் மீன்கறி நன்றாயிருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டாம். வியாகுலம்மாள் எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிடுகிறாள் என்று பார்த்தால் போதும். முட்டம் கடற்கரையிலிருந்து பனையோலைக் கடவம் நிறைய மீனைத் தலையில் சுமந்து வருகிறவள் அவள். எந்தக் கடைக்காரன் புதுமீன் எடுத்தான், எவன் மிஞ்சிப்போனதை அள்ளினான் என்பது அவளுக்குத்தானே தெரியும்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் ராஜையன் சோற்றுக்கடை திறந்தது முதல் அவள் சாப்பாடு அங்கேதான். மற்ற கடைகளில் மீன்காரிகளுக்குக் கொல்லைப்புறத்தில்தான் இலை போடுவார்கள். ராஜையனோ முதல் நாளே, “உள்ள வாங்கக்கா, பெஞ்சு சும்மாதானே கெடக்கு” என்று கூப்பிட்டான். அன்று பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

ஐம்பத்திரண்டில் ஒரு சந்தை நாள். அவளிடம் ஒரு முழுச் சுறாவை வாங்கி, நல்லமிளகு அரைத்துப் பெரிய பானை நிறையக் கறி வைத்திருந்தான் ராஜையன். கடையில் நல்ல கூட்டம். வியாகுலம்மாள் இலைமுன் உட்கார்ந்து சொன்னாள்:

“எனக்கு மோர் மதி, தம்பி. மீன்கறி வேண்டாம்.”

எல்லோர் கண்ணும் கறிப்பானைக்குப் போயிற்று. வண்டிக்காரர் பூதலிங்கம் சோற்றில் வைத்த கையை எடுத்தார். “எனக்கும் மோரே ஊத்துடே.” அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். வாசல்வரை வந்த இரண்டு பேர் எதிர்க்கடைக்குத் திரும்பினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “ஐயோ, மீனுக்கு ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி! மகளுக்குப் பேறு நல்லபடியா கழிஞ்சா நாப்பது நாள் மீன் திங்கமாட்டேன்னு மாதாவுக்கு நேந்திருக்கேன். இன்னைக்கு அஞ்சாம் நாளு.”

“மீன் வித்தவ மீன் கொள்ளாது, கெட்டுப்போச்சுன்னு சொல்லுவாளாக்கும்!” என்றார் பூதலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

ராஜையன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பானையை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் இலையில் மோரை ஊற்றினான். “நீங்க சாப்பிடுங்கக்கா. நேர்ச்சையை முறிக்கப்பிடாது.”

அந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. ஒரு வாய் தின்றால் அவன் கடை பிழைக்கும். ஆனால் மகளின் முதல் பிள்ளை தங்காமல் போனது. இரண்டாவது இப்போதுதான் பால் குடிக்கிறது. மாதாவிடம் கொடுத்த வாக்கை எப்படி மீறுவாள்?

சட்டென்று எழுந்து, கடவத்திலிருந்த சிறு சட்டியைக் கழுவி நீட்டினாள்.

“தம்பி, இது நெறைய கறி ஊத்து. கண்டமா நாலு துண்டும் போடு. மக செசிலிக்குப் பால் ஊறணும். சுறாதான் வேணும்னு பேறு பாத்த வயித்தாட்டி சொல்லியிருக்கா.”

பூதலிங்கம் நிமிர்ந்தார். “பெத்துக் கெடக்கிய பிள்ளைக்கா கொண்டு போற?”

“பின்ன, ஒமக்கா?”

அவர் சட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். கெட்ட மீனைப் பிள்ளைபெற்ற மகளுக்கு எந்தத் தாயும் கொடுக்கமாட்டாள். “ஏலே ராஜையா, மோரை அங்கிட்டு வச்சுட்டு இங்க ரெண்டு கரண்டி கறியை ஊத்துடே!” என்றார். அதற்கப்புறம் ராஜையனுக்குக் கரண்டியைக் கீழே வைக்க நேரமில்லை. சந்தை கலைவதற்குள் பானை காலி.

சாயங்காலம் முட்டத்தில் செசிலி சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “இன்னும் இருக்கா அம்மா?” என்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ஜெபமாலை முடிந்ததும் வியாகுலம்மாள் மாதாவுக்கு நன்றி சொன்னாள்: மகளுக்காக, பேரப்பிள்ளைக்காக. அடுத்து ராஜையன் பேர் நாக்கில் வந்து நின்றது. அவன் வேறு சபைக்காரன், மாதாவை வணங்காதவன். அவனுக்காக இங்கே நன்றி சொல்லலாமா என்று கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.