மெத்தில் தொப்பி போட்ட நல்லெண்ணெய்

எண்ணெய் வியாபாரி அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தாத குறைதான். அவர் பரிசோதனைக்குக் கொண்டுவந்த நல்லெண்ணெயில் நான் மெத்தனாலில் கரைத்த காரத்தை ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

“கலப்படம் இருக்கான்னு பாக்கத்தானம்மா குடுத்தேன். நீங்களே கலக்குறீகளே?”

அவர் பதற்றம் நியாயமானது. சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்று, தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குக் கொடுக்க அவரிடம் எண்ணெய் ஆர்டர் செய்திருந்தது. அதில் பாமாயில் கலந்திருக்கிறது என்று எவனோ கொளுத்திப் போட, லோடு கம்பெனி வாசலிலேயே நின்றது. எங்கள் விருதுநகர் லேபில் சுத்தம் என்று ரிப்போர்ட் கொடுத்தால்தான் இறக்குவார்கள். இல்லையென்றால் லோடோடு அவர் பேரும் போய்விடும்.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஆனாலும் பொறுமையாகச் சொன்னேன். எண்ணெய் கனமான சாமான். அப்படியே மெஷினில் விட்டால் லேசில் ஆவியாகாது. அதனால் அதை உடைத்து, ஒவ்வொரு கொழுப்பு அமிலத்துக்கும் மெத்தில் என்று ஒரு சின்னத் தொப்பி மாட்டுகிறோம். அப்போதுதான் எளிதாக ஆவியாகி, நீளக் குழாய்க்குள் ஓடி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். எது எம்புட்டு இருக்கிறதென்று தாளில் மேடு மேடாக விழும்.

அந்தத் தொப்பியிலேயே பாமாயில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார் மனுஷன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மதியச் சாப்பாட்டுப் பையில் இட்லிப் பொடிக்கு ஒரு குப்பி எண்ணெய் வைத்திருந்தேன். அப்பா கடை எண்ணெய். பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்கிறோம். இதற்கும் அதே தொப்பியைப் போடுகிறேன், தொப்பியில் பாமாயில் இருந்தால் இதிலும் காட்டும், காட்டாது பாருங்கள் என்று வீறாப்பாகச் சொல்லிக் குலுக்கினேன்.

அண்ணாச்சி எண்ணெய் சுத்தமோ சுத்தம். எங்கள் வீட்டு எண்ணெயில்தான் பாமாயிலைக் காட்டிக்கொடுக்கிற மேடு ஓங்கி நின்றது. நாசமாய்ப் போக! மறுபடி போட்டேன். அதே மேடு. வெட்கமாக இருந்தது.

அண்ணாச்சிக்கு அப்பாவைத் தெரியும். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எனக்கு என் ரிப்போர்ட் போதும்மா. அப்பாட்ட மெதுவாச் சொல்லுங்க. அவுக வாங்குற எடத்துல ஏமாத்தியிருப்பாக.”

அன்றே லோடு இறங்கிவிட்டது.

சாயங்காலம் நான் கடைக்குப் போனபோது, அப்பா ஒரு அக்காவின் தூக்குச்சட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே, அண்ணாச்சி எண்ணெய் தேறியதா என்று கேட்டார். தேறிவிட்டது என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

“நம்ம எண்ணெயவும் ஒரு நாளைக்குப் போட்டுப் பாரேம்மா. போர்டுல எழுதி மாட்டிருவோம்.”

“போட்டுட்டேம்ப்பா.”

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு தூக்குச்சட்டியில் ஊற்றியதை மறுபடி டின்னில் கவிழ்த்துவிட்டு, அந்த அக்காவை வேறு கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.