பெரியம்மாவுக்கு அனுமதி இல்லை

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் ரிஸ்னாமீது எரிந்து விழுந்தேன். தப்பு என்மீதுதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ரிஸ்னா கெலிஓயாக்காரர். கண்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் சின்ன சொஃப்ட்வெயார் நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. என் பழைய புரோகிராம்களைப் படித்து, வேண்டாத பகுதிகளைச் சொல்லும்படி நான்தான் கேட்டிருந்தேன். அவரும் சொன்னார்.

"சேர், இதுல பெரியம்மான்டு ஒரு கிளாஸ் ஈக்கி. அம்மா கிளாஸ்ல உள்ளதேதான், வரிக்கு வரி. அழிச்சிரவா?"

"அதுல கை வச்சா தெரியும்!" என்றேன்.

மேல்மாடி முழுவதும் திரும்பிப் பார்த்தது. ரிஸ்னாவின் முகம் வாடிவிட்டது. பாவம், கேட்டதில் என்ன பிழை?

கணினிப் பக்கம் போகாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது நான் பல வருடங்களுக்கு முன் எழுதிய லைப்ரரி — அதாவது, மற்ற புரோகிராமர்கள் எடுத்துத் தங்கள் வேலையில் பொருத்திக்கொள்ளும் தயார்த் துண்டுகள். வைத்தியசாலைகளில் யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று சொல்வது அதன் வேலை. ஒவ்வோர் உறவுக்கும் ஒரு கிளாஸ். ஒரு படிவம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா என்ற படிவத்தில், வார்டுக்குள் போகலாம், ரிப்போர்ட் பார்க்கலாம், டொக்டரிடம் பேசலாம் என்று இருக்கும். அப்புறம் அப்பா, கணவன், மனைவி, பிள்ளை, சகோதரர்... இதில் இல்லாதவர் வந்தால்? அனுமதி இல்லை.

ஏதோ ஒரு வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்து அந்தப் பட்டியலை எழுதினேன். யார் விடுபட்டார்கள் என்று யோசிக்கவே இல்லை.

இத்தனைக்கும் என்னை வளர்த்தவரே என் பெரியம்மாதான். எனக்கு மூன்று வயதில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இது புதிய சங்கதி இல்லை. தங்கை வெளிநாடு போனால் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொள்வார். பெரியம்மா காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் எனக்குத் தலை சீவி, ரொட்டி சுட்டுக் கட்டித் தந்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் கம்பஸில் படிக்கப் போகும்வரை அப்படித்தான். அந்தப் பிள்ளை எழுதிய பட்டியலில் பெரியம்மா இல்லை. எப்படி மறந்தேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கண்டியில் ஒரு தனியார் வைத்தியசாலை அந்த லைப்ரரியைப் பாவிக்க ஆரம்பித்தது. "அங்க உள்ள கம்ப்யூட்டர்ல ஓடுறது நான் செஞ்சது பெரியம்மா" என்று பீற்றிக்கொண்டேன். அவர் அதை லயத்து வீடுகள் அத்தனையிலும் சொல்லி முடித்தார்.

ஆறு வருடங்களுக்கு முன் எனக்கு டெங்கு வந்தது. அதே வைத்தியசாலை. நண்பர் ஒருவர் சேர்த்துவிட்டு, பெரியம்மாவுக்குப் போனில் தகவலும் சொன்னார். கடுமையான நிலை என்று டெங்குக்கென்றே உள்ள தனி வார்டில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில்களுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. எனக்கு மட்டும் யாரும் வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

கண்டியில் என் அறைக்குத் திரும்பியதும் பெரியம்மா போன் எடுத்துப் பேசினார். "இவ்வளவு நாளும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல வேல தம்பி... லீவு கெடைக்கல."

சரி என்று போனை வைத்துவிட்டேன். அந்த வருடம் தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. வேண்டுமென்றேதான் போகவில்லை.

தைப்பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரியம்மா போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு.

எல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா சொன்னார்.

"ஒனக்குக் காய்ச்சல்னதும் மூணு நாளும் மொத பஸ்ல வந்தோம்டா. பப்பாளி எலச் சாறு போத்தல்ல ஊத்தி எடுத்துக்கிட்டு வந்தா. கவுண்டர்ல சிங்களப் புள்ள ஒண்ணு, 'யார் நீங்க?'ன்னுச்சு. பெரியம்மான்னா. 'லொக்கு அம்மாவா?'ன்னு அவங்க பாஷையில பெரியம்மாவச் சொல்லி சிரிச்சிக்கிட்டே தட்டிப் பாத்துச்சு. அதுல இல்லன்னுருச்சு. அந்தப் புள்ளயே பாவம் பாத்து, 'அம்மான்னு சொல்லுங்க, நான் போடுறேன்'னுச்சு. இவ கேக்கல. 'அவன் அம்மா குவைத்துல இருக்கா. அவ எடத்துல நான் எப்புடி ஏறுறது?'ன்னுட்டா. மொத நாளு ஒரு தடவ கேட்டதோட சரி. பொறவு கேக்கவே இல்ல. வெளிய கதிரையில ஒக்காந்திருந்துட்டு, கடைசி பஸ்ல சாறோட திரும்பி வருவோம்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"அவதான் வேணாம்னா. 'அது அவன் செஞ்சது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருவான்'னா."

கவுண்டரில் பொய் சொல்ல மாட்டேன் என்றவர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். நானோ அதை நம்பி, அவர்மீது முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அன்று அழுத அழுகை இன்னும் தீரவில்லை.

காரியம் முடிந்து கண்டிக்கு வந்த அன்றே அந்த கிளாஸை எழுதினேன். அம்மாவுக்கு உள்ள அனுமதி அத்தனையும், வரிக்கு வரி.

இதையெல்லாம் ரிஸ்னாவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கெட்டிக்காரப் பெண், விடவில்லை.

"சேர், எங்கட உம்மாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறது பக்கத்து வீட்டு தனலெட்சுமி அக்கா. அவங்களுக்கும் ஒரு கிளாஸ் எழுதுவீங்களா?"

அவரை எந்த உறவில் போடுவது என்று பட்டியலைத் திறந்து பார்த்தேன்.

"உறவே கேக்க வாணாம் சேர். யார உள்ளுக்கு விடணும்டு நோயாளியே பேர் குடுக்கட்டும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஆறு வருடமாக என் மூளைக்கு எட்டாதது. நான் ஒரு பெரியம்மாவுக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்திருக்கிறேன்.

உறவுக்கான கிளாஸ்கள் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமை அழித்தோம். பெரியம்மாவை ரிஸ்னா கடைசியாக விட்டுவைத்திருந்தார். அதை நானே அழித்தேன்.

புதிதாக எழுதியதைச் சோதிக்க ஒரு நோயாளியும் ஒரு பார்வையாளரும் வேண்டும். வாய்க்கு வந்த பெயரைப் போடுவதுதான் எங்கள் வழக்கம். நோயாளிக்கு என் பெயரைப் போட்டேன். உள்ளே விட வேண்டியவர் — லெட்சுமி. பெரியம்மாவின் பெயர். பட்டனைத் தட்டியதும் பச்சை எழுத்தில் வந்தது: 'அனுமதி உண்டு.'

அந்த லைப்ரரியில் யார் எந்த வரியைத் திருத்தினாலும் அந்தச் சோதனை தானாக மறுபடி ஓடும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையாவது பெரியம்மாவை உள்ளே விடுகிறோம்.

அவர் கேட்டது ஒரே ஒரு தடவைதான்.